நேற்று வேகவைத்த பாஸ்தா இன்று தட்டில்: ஏமாற்றா, ஆபத்தா, சாதாரணமா?

கஃபேவில் பாஸ்தா ஆர்டர் செய்தால் எட்டு, பத்து நிமிடத்தில் மேசைக்கு வந்துவிடுகிறது. ஆனா, கடையில் வாங்கும் பென்னே பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வேகவைக்க மட்டுமே 10 முதல் 12 நிமிடம் என்று போட்டிருக்கிறது. தண்ணீர் கொதிக்கும் நேரம், சாஸ் தயாராகும் நேரம் எல்லாம் தனி. அப்படியென்றால் கணக்கு எங்கே இடிக்கிறது?

பதில் சுலபம். அந்த பாஸ்தா ஆர்டர் வருவதற்கு முன்பே வெந்துவிட்டது. காலையில் வெந்திருக்கலாம், முந்தைய நாள் இரவில்கூட வெந்திருக்கலாம். இந்த விஷயம் தெரியவந்ததும் பலருக்கு வரும் முதல் கோபம், 'பழசைச் சூடு பண்ணிக் கொடுத்து காசு வாங்குறாங்களா?' என்பதுதான். அந்தக் கோபத்துக்குப் பாதி நியாயம் இருக்கிறது. ஆனா அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. முன்கூட்டியே வேகவைப்பதில் தப்பு எதுவும் இல்லை. வேகவைத்ததை எப்படி ஆறவைத்தார்கள், எங்கே வைத்தார்கள் என்பதில்தான் தப்பும் ஆபத்தும் இருக்கின்றன.

முக்கால் பதம் புதுசா என்ன?

ஹோட்டல் கிச்சன்களில் நடப்பது இதுதான். உப்புப் போட்ட தண்ணீரில் பாஸ்தாவை முழுதாக வேகவிடாமல், பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம் முன்னாலேயே வடித்துவிடுவார்கள். உடனே ஐஸ் தண்ணீரில் போட்டோ, அகலமான ட்ரேயில் பரப்பியோ சூட்டை இறக்குவார்கள். கொஞ்சம் எண்ணெய் புரட்டி, ஒரு ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரித்து ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். ஆர்டர் வந்ததும் வலைக்கூடையில் போட்டு கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, கடாயில் இருக்கும் சாஸோடு சேர்த்து ஒரு புரட்டு. அவ்ளோதான்.

பிரியாணி சமைத்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அரிசியை முக்கால் பதத்தில் வடித்து, மீதிப் பதத்தை தம்மில் எடுப்பதும் இதே யோசனைதான். அரிசியை இரண்டு முறை சூட்டில் காட்டினார்கள் என்று யாரும் பிரியாணி மாஸ்டரிடம் சண்டைக்குப் போவதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பிரியாணியில் முதல் வேக்காட்டுக்கும் இரண்டாம் வேக்காட்டுக்கும் நடுவே சில நிமிடங்கள்தான். பாஸ்தாவில் அந்த இடைவெளி சில மணி நேரம், சில சமயம் ஒரு முழு நாள். இந்தக் கட்டுரையில் பேச வேண்டிய எல்லாமே அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

இத்தாலிக்காரர்கள் கோபப்படுவார்களா?

'உண்மையான இத்தாலியன் உணவகத்தில் இப்படிச் செய்ய மாட்டார்கள்' என்று சொல்பவர்கள் உண்டு. ஆர்டர் வந்த பிறகு புதிதாக வேகவைக்கும் உணவகங்கள் இத்தாலியில் நிறைய இருப்பதும் உண்மை. ஆனா இரண்டு முறை வேகவைப்பதற்கு இத்தாலியிலேயே தனிப் பெயர் உண்டு: 'டோப்பியா கொத்தூரா', அதாவது இரட்டை வேக்காடு. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோருக்குப் பரிமாற வேண்டிய கேன்டீன்களுக்கும் விருந்துகளுக்கும் இது இல்லாமல் முடியாது. இந்த இரட்டை வேக்காட்டைத் தாங்கும் என்று சொல்லியே ஹோட்டல்களுக்கான பாஸ்தா வகைகள் விற்கப்படுகின்றன.

வீட்டுச் சமையலும் அப்படித்தான். நேப்பிள்ஸ் நகரத்தில் மிஞ்சிய பாஸ்தாவை முட்டை, சீஸ் சேர்த்து அடை மாதிரி வார்த்து எடுப்பார்கள். 'ஃப்ரித்தாத்தா தி மக்கரோனி' என்று பெயர். பிக்னிக்குக்கும் கடற்கரைக்கும் எடுத்துப்போகும் சாப்பாடு அது. லசான்யாவும் அவனில் சுடும் பாஸ்தா வகைகளும் முன்கூட்டியே அடுக்கி வைத்துவிட்டு, சாப்பிடும் நேரத்தில் சூடாக்குவதற்கு வசதியான பண்டங்கள். ஆக, 'ஒருமுறை வெந்த பாஸ்தாவைத் திரும்பத் தொடவே கூடாது' என்பது இத்தாலியிலும் இல்லாத ஒரு கண்டிப்பு.

இத்தாலிக்காரர்கள் உண்மையிலேயே கண்டிப்பு காட்டுவது மாவு விஷயத்தில். அங்கே தயாரித்து விற்கும் உலர் பாஸ்தா டியூரம் கோதுமை ரவையில்தான் செய்யப்பட வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். டியூரம் கெட்டியான கோதுமை. அதில் புரதம் அதிகம். அந்தப் புரத வலைதான் வேகும்போது மாவுச்சத்து வெளியே கரைந்து ஓடிவிடாமல் பிடித்து வைக்கிறது. அதனால்தான் நல்ல டியூரம் பாஸ்தா இரண்டாவது வேக்காட்டையும் தாங்குகிறது. மைதா கலந்த மலிவு பாஸ்தா முதல் வேக்காட்டிலேயே குழைந்து, மறுநாள் கூழாகிவிடுகிறது. கடையில் சாப்பிட்ட பாஸ்தா களி மாதிரி இருந்தால், முன்கூட்டி வேகவைத்தது மட்டுமே காரணமாக இருக்காது. வாங்கிய பாக்கெட்டும் காரணமாக இருக்கலாம்.

ஃப்ரிட்ஜுக்குள் பாஸ்தாவுக்கு என்ன ஆகிறது?

மாவுச்சத்து சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். பாஸ்தா மென்மையாவது இதனால்தான். 100 கிராம் உலர் பாஸ்தா வெந்த பிறகு எடையில் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. அந்த அளவுக்குத் தண்ணீர் குடிக்கிறது.

ஆறும்போது கதை தலைகீழ். உப்பிய மாவுச்சத்து இழைகள் மறுபடியும் நெருங்கி இறுகிக்கொள்ளும். காலையில் பஞ்சு மாதிரி இருந்த இட்லி ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு கல் மாதிரி ஆவதும், மிஞ்சிய சாதம் விறைத்துப்போவதும் இதே காரணத்தால்தான். நல்ல செய்தி என்னவென்றால், சூடும் கொஞ்சம் ஈரமும் கிடைத்தால் இந்த இறுக்கம் பெருமளவு தளர்ந்துவிடும். அதனால்தான் ஃப்ரிட்ஜ் பாஸ்தாவை வெறும் கடாயில் வறட்டுவதைவிட கொதிநீரில் முக்கி எடுப்பது நல்ல பலன் தருகிறது. பாஸ்தா மெல்லியது என்பதால், ஒரு நிமிடத்தில் நடுப்பகுதி வரை நன்றாகச் சூடேறிவிடும்.

ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் மேற்பரப்பில் படிந்திருக்கும் மாவுச்சத்துப் பசை. குளிர்ந்த தண்ணீரில் அலசினால் அந்தப் பசை போய்விடும், ஒட்டாது. ஆனா சாஸ் பாஸ்தாவைப் பிடித்துக்கொள்ள உதவுவதும் அதே பசைதான். எண்ணெய் அதிகமானாலும் சாஸ் வழுக்கிக்கொண்டு ஓடும். எனவே அலசுவதா, பரப்பி ஆறவைப்பதா என்பதில் சமையல்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. அலசுபவர்கள் இழந்த பசையை வேறு வழியில் மீட்டுவிடுவார்கள். நாள் முழுக்க பாஸ்தா முக்கி எடுத்த கொதிநீர் கலங்கலாகி, வடிகஞ்சி மாதிரி ஆகியிருக்கும். அதில் ஒரு கரண்டியைச் சாஸில் விட்டால் போதும், சாஸ் கெட்டிப்பட்டு பாஸ்தாவில் ஒட்டும்.

ருசியைப் பொறுத்தவரை தீர்ப்பு இதுதான்: ஒழுங்காகச் செய்த முக்கால் பத பாஸ்தாவுக்கும் புதிதாக வெந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை, சாஸில் புரட்டிய பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். இது ஏமாற்று அல்ல, தொழில்.

அப்போ ஆபத்து எங்கே இருக்கிறது?

மருத்துவ இதழ்களில் பதிவான மூன்று சம்பவங்களைப் பார்த்தால் புரியும்.

முதலாவது, 1997-ல் வெளியான அறிக்கை. நான்கு நாட்களுக்கு முன் செய்த, பெஸ்தோ சாஸ் சேர்த்த ஸ்பாகெட்டியை 17 வயதுப் பையனும் அவன் அப்பாவும் சாப்பிட்டார்கள். இருவருக்கும் உடல்நிலை கெட்டது. அப்பா பிழைத்தார். பையன் கல்லீரல் செயலிழந்து இறந்துபோனான்.

இரண்டாவது, 2003-ல் பெல்ஜியத்தில். ஒரு குடும்பத்தில் வெள்ளிக்கிழமை பாஸ்தா சாலட் செய்து, சனிக்கிழமை பிக்னிக்குக்கு எடுத்துச் சென்றார்கள். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து திங்கள்கிழமை மாலை குழந்தைகள் சாப்பிட்டார்கள். ஐந்து பேருக்கும் உடம்பு சரியில்லாமல் போனது. 7 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் இருந்த வெப்பநிலை 14 டிகிரி என்று பின்னர் தெரியவந்தது. இருக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழே.

மூன்றாவதுதான் சமூக ஊடகங்களில் அடிக்கடி சுற்றிவருவது. 2008-ல் பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாட்களுக்கு முன் வேகவைத்த ஸ்பாகெட்டியைத் தக்காளி சாஸோடு சூடாக்கிச் சாப்பிட்டார். அது அத்தனை நாளும் ஃப்ரிட்ஜில் இல்லை, சமையலறையில் வெளியிலேயே இருந்தது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் தலைவலி, வயிற்றுவலி, வாந்தி. மறுநாள் விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

மூன்றிலும் குற்றவாளி ஒரே கிருமி: பேசில்லஸ் சீரியஸ். இது மண்ணில் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியா. அதனால் அரிசி, கோதுமை போன்ற தானியங்களோடு சமையலறைக்குள் வருவதைத் தடுக்க முடியாது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில், சீன உணவகங்களின் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு வாந்தி வந்த சம்பவங்களால்தான் இது பரவலாகக் கவனத்துக்கு வந்தது. காலையில் மொத்தமாக வடித்து, வெளியில் வைத்து, ஆர்டர் வர வர வறுத்துக் கொடுத்த சாதம் அது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கிருமியால் மரணம் என்பது மிக மிக அரிது. பெரும்பாலானோருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து ஒரு நாளில் சரியாகிவிடும். ஆனா அந்த அரிதான மூன்று கதைகளிலும் பொதுவாக இருப்பது கவனிக்க வேண்டியது. வேகவைத்த பாஸ்தா, வேண்டிய குளிர்ச்சி இல்லாமல் நீண்ட நேரம் கிடந்திருக்கக்கூடிய கதைகள் அவை. கடைசியாகச் சூடாக்கியது யாரையும் காப்பாற்றவில்லை.

நல்லா சூடு பண்ணினா கிருமி செத்துடாதா?

இதுதான் பலரும் நம்பும் விஷயம். பாதி சரி. பேசில்லஸ் சீரியஸ் மோசமான சூழலில் வித்து மாதிரி ஒரு கவசத்துக்குள் ஒடுங்கிக்கொள்ளும். தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியிலும் அந்த வித்துகளில் பல தப்பிவிடும். வேகவைக்கும்போது போட்டிக்கு இருந்த மற்ற கிருமிகள் செத்துப்போக, பாஸ்தா மெதுவாக ஆறும்போது இந்த வித்துகள் முளைத்து எழும். ஈரம் இருக்கிறது, மாவுச்சத்து இருக்கிறது, இதமான சூடும் இருக்கிறது. சாதகமான வெப்பநிலையில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டாலே, ஐந்து மணி நேரத்தில் ஒன்று ஆயிரம் ஆகிவிடும். பத்து மணி நேரத்தில் பத்து லட்சம்.

அப்படிப் பெருகும்போது சில ரகங்கள் 'செரூலைடு' என்ற நச்சை உணவிலேயே விட்டுவிடுகின்றன. பிறகு சூடாக்கினால் கிருமி சாகலாம். நச்சு போகாது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாங்கக்கூடிய நச்சு அது. அது பிரஷர் குக்கர் தொடும் சூடு. மைக்ரோவேவ், கடாய், கொதிநீர் எதுவும் அதை அசைக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் உணவு கெட்டுவிட்டதா என்று முடிவு செய்வது மூக்குதான். 'ஊசிப்போச்சா பாரு' என்று மோந்து பார்ப்பது, நூல் விடுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது எல்லாம் தலைமுறை அனுபவம். பல கிருமிகளுக்கு அது வேலை செய்யும். இந்த நச்சுக்கு மட்டும் மூக்கை நம்ப முடியாது. வாசனை நன்றாக இருக்கும் பாஸ்தாவிலும் அது இருக்கலாம்.

'அப்போ பழைய சோறு?' என்ற கேள்வி உடனே வரும். அது வேறு பாதை. சாதத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியா பெருகி நீரைப் புளிக்க வைக்கிறது. அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளுக்குத் தடை போடுகிறது. பால், சீஸ், மைதா சேர்ந்த ஒயிட் சாஸ் பாஸ்தாவில் அப்படி எந்தக் காவலும் இல்லை. தக்காளி சாஸில் புளிப்பு இருக்கிறதே என்றாலும் அதை நம்பி இருந்துவிட முடியாது. 2008-ல் அந்த மாணவர் சாப்பிட்டது தக்காளி சாஸ் ஸ்பாகெட்டிதான்.

ரெண்டு மணி நேரமா, ஒரு மணி நேரமா?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விதி எளிமையானது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலைதான் ஆபத்து மண்டலம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. ஹோட்டல்களுக்கான அமெரிக்க விதிமுறை இன்னும் விளக்கமானது: 57 டிகிரியில் இருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும், மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 5 டிகிரியைத் தொட வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான பாஸ்தா குறிப்புகள் 'இரண்டு மணி நேரம்' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. எழுதியவர்களின் சமையலறை வெப்பநிலை 20, 22 டிகிரி. அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரையில் அடுத்த வரி ஒன்று உண்டு. வெளி வெப்பநிலை 32 டிகிரியைத் தாண்டினால் அந்த இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். அமெரிக்காவில் அது கோடைக்கால பார்பிக்யூவுக்கான எச்சரிக்கை. சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் அடுப்பு எரியும் சமையலறைக்கு அது வருடத்தில் பல மாதங்கள் பொருந்தும் விதி. ஆனா அந்த வரியை இங்கே யாரும் அழுத்திச் சொல்வதில்லை. மேற்கத்திய ரெசிபியை அப்படியே மொழிபெயர்த்துப் போடும்போது அதிகம் தொலைந்துபோவது இந்த ஒரு மணி நேரம்தான்.

இதோடு சேர்ந்து நிற்பது இன்னொரு பழக்கம். 'சூடா ஃப்ரிட்ஜ்ல வைக்காதே, ஃப்ரிட்ஜ் கெட்டுடும்' என்று சொல்லிச் சொல்லி, பாத்திரத்தை மேடையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போவது. பெரிய அண்டாவோடு கொதிக்கக் கொதிக்க உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாகும் என்பது சரி. அதற்குத் தீர்வு இரவு முழுக்க வெளியில் வைப்பது கிடையாது. ஆழமான பாத்திரத்தில் குவிந்திருக்கும் பாஸ்தாவின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதையே அகலமான தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, ஃபேனுக்குக் கீழே வைத்தால் இருபது, முப்பது நிமிடத்தில் ஆறிவிடும். பிறகு மூடிபோட்ட டப்பாவில் மாற்றி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். மூன்று, நான்கு நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். எடுத்துச் சூடாக்கும்போது ஆவி பறக்கும் அளவுக்கு, 70 டிகிரிக்கு மேல், ஒரே ஒரு முறை. மைக்ரோவேவ் என்றால் நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும்; அது ஒரு பக்கம் கொதிக்க, மறுபக்கம் சில்லென்று விட்டுவிடும்.

சர்க்கரை குறையும் என்கிறார்களே?

'பாஸ்தாவை ஃப்ரிட்ஜில் வைத்துச் சூடாக்கினால் சுகர் ஏறாது' என்ற ரீல்ஸ் பார்க்காதவர் குறைவு. இதற்கு ஆரம்பம் 2014-ல் பிபிசி தொலைக்காட்சிக்காக சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர் டெனிஸ் ராபர்ட்சன் நடத்திய சிறு சோதனை. சூடான புதிய பாஸ்தா, ஆறிய பாஸ்தா, ஆறவைத்துச் சூடாக்கிய பாஸ்தா என்று மூன்றையும் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், ஆறவைத்துச் சூடாக்கியதில் ரத்தச் சர்க்கரை ஏற்றம் சுமார் 50 சதவீதம் குறைந்திருந்தது.

பின்னால் இருக்கும் அறிவியல் உண்மைதான். ஆறும்போது இறுகும் மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சிறுகுடல் நொதிகளால் உடைக்க முடியாது. அது நார்ச்சத்து மாதிரி பெருங்குடலுக்குப் போய்விடும். ஆனா விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்து டிவிக்காகச் செய்த ஒரு சோதனையின் எண்ணைச் சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுக்க முடியாது. ஆறவைத்த பாஸ்தாவும் பாஸ்தாதான். அளவு கூடினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இன்னொன்று, இந்த நன்மை கிடைக்க ஃப்ரிட்ஜே போதும். 'ஆறட்டும்' என்று இரவு முழுக்க மேடையில் விட்டால், நன்மையோடு சேர்த்து வேறு ஏதாவதும் வளர்ந்திருக்கும்.

டிபன் பாக்ஸில் என்ன செய்வது?

இது ஹோட்டலைவிடச் சிக்கலான கேள்வி. காலை ஆறரைக்குச் செய்து, ஏழரைக்குப் பெட்டியில் அடைத்து, மதியம் பன்னிரண்டரைக்குக் குழந்தை திறக்கும் பாஸ்தா. கணக்குப்படி ஆறு மணி நேரம், அதில் பெரும்பகுதி ஆபத்து மண்டலத்தில். சாதத்துக்கும் இதே கணக்குதான். புளியோதரையும் தயிர் சாதமும் எலுமிச்சை சாதமும் டிபன் பாக்ஸுக்கு என்றே நிலைத்துவிட்டதில் ருசியைத் தாண்டி ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. மூன்றுமே புளிப்பு.

பாஸ்தாவுக்கு இரண்டு வழிதான். ஒன்று, கொதிநீர் ஊற்றிச் சூடேற்றிய ஃபிளாஸ்க் வகை டப்பாவில், ஆவி பறக்கப் பறக்க நிரப்பி, மதியம் வரை திறக்காமல் வைப்பது. திறக்கும்போது நன்றாகச் சூடாகவே இருந்தால் சரி. வெதுவெதுப்பாக இருந்தால் அந்த டப்பா இந்த வேலைக்கு ஆகாது. இன்னொன்று, இரவே வேகவைத்து ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, எலுமிச்சை, காய்கறி சேர்த்துக் குளிர்ந்த சாலடாக ஐஸ் பேக்கோடு அனுப்புவது. இரண்டுக்கும் வசதி இல்லாத நாளில் ஒயிட் சாஸ் பாஸ்தாவைச் சாதாரண எவர்சில்வர் டப்பாவில் அடைத்து அனுப்பாமல் இருப்பதே நல்லது. அதை மாலை வீட்டுக்கு வந்த பிறகு சுடச்சுடக் கொடுக்கலாம். குழந்தை கேட்டு அழும்தான். ஆனாலும்.

காலை அவசரம்தான் பிரச்சினை என்றால் குறுக்குவழி ஒன்று உண்டு. உலர்ந்த பாஸ்தாவைக் குளிர்ந்த தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் போதும், அதன் பிறகு கொதிநீரில் ஓரிரு நிமிடத்தில் வெந்துவிடும். முன்னாலேயே வேகவைக்காததால், வெந்த உணவைப் பாதுகாக்கும் தலைவலியும் இல்லை.

ஸ்டிக்கரில் எந்த நேரத்தைப் போடுவது?

கடைசியாக, கடைகளுக்கும் அரசுக்கும். உணவால் யாருக்காவது பாதிப்பு என்று செய்தி வந்தால் நடப்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. இரண்டு நாள் ரெய்டு, 'பழைய உணவு பறிமுதல்' என்று ஒரு தலைப்பு, பினாயில் ஊற்றி அழிக்கும் புகைப்படம். சில சமயம் ஒரு பொருளுக்குத் தடை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது அப்படி ஒன்று. அந்தத் தடைக்குக் காரணம் இருந்தது. ஆனா வேகவைத்த பாஸ்தாவையோ சாதத்தையோ தடை செய்ய முடியாது. அங்கே கேட்க வேண்டியது வெப்பநிலையையும் நேரத்தையும்.

'பழசு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக் கடையைப் பிடிப்பதில் இருக்கும் பிரச்சினை இதுதான். நேற்று இரவு வேகவைத்து, ட்ரேயில் பரப்பி, 4 டிகிரியில் வைத்த பாஸ்தா பழசு. இன்று காலை வேகவைத்து, அண்டாவோடு அடுப்புக்குப் பக்கத்தில் மதியம் மூன்று மணி வரை கிடக்கும் பாஸ்தா ஃப்ரெஷ். இரண்டில் எதைச் சாப்பிடுவது நல்லது என்று இப்போது சொல்லத் தேவையில்லை. ஆனா ரெய்டில் மாட்டுவது முதலாவதாகத்தான் இருக்கும். ஒழுங்காகத் தொழில் செய்பவரை இது தண்டிக்கிறது, மற்றவரை 'அன்னன்னைக்குச் செஞ்சது சார்' என்று சொல்லித் தப்ப விடுகிறது.

கேரளம் 2023 ஜனவரியில் ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது. பார்சல் உணவில், தயாரித்த தேதி, நேரம், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்ற ஸ்டிக்கர் கட்டாயம் என்று அறிவித்தது. தமிழ்நாடும் இதைப் பின்பற்றலாம். கூடவே ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். நேற்று வேகவைத்து இன்று சாஸில் புரட்டிய பாஸ்தாவின் ஸ்டிக்கரில் 'தயாரித்த நேரம்' எது? புரட்டிய நேரம் என்றால் அந்த ஸ்டிக்கர் பாதி உண்மைதான் சொல்கிறது. நல்ல கிச்சன்களில் இதற்கு ஏற்கெனவே விடை இருக்கிறது. ஃப்ரிட்ஜில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவின் மேலும், எப்போது வேகவைத்தது, எதற்குள் தீர்க்க வேண்டும் என்று எழுதிய ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கும். அந்த டேப்பும் ஒரு தெர்மாமீட்டரும் பெரிய செலவு கிடையாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டையும்தான்.

மின்வெட்டு நேரத்தில் ஃப்ரிட்ஜ் என்ன ஆகிறது, மூட்டை மூட்டையாக அடைத்த டீப் ஃப்ரீஸரில் காற்றுப் போக வழி இருக்கிறதா, ஃப்ரிட்ஜ் கதவை நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கும் சின்ன கிளவுட் கிச்சனில் உள்ளே உண்மையில் எத்தனை டிகிரி? 2003-ல் அந்த பெல்ஜியம் குடும்பமும் பாஸ்தாவை ஃப்ரிட்ஜில்தான் வைத்தது. உள்ளே 14 டிகிரி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதனால் கஃபே மேசையில் உட்கார்ந்து 'இது ஃப்ரெஷ்ஷா?' என்று கேட்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. எல்லாக் கடையிலும் 'ஆமா' என்றுதான் பதில் வரும். 'வேகவைத்ததை எப்படி ஆறவைக்கிறீங்க?' என்று கேட்டால், பதில் தெரிந்த கடை எது, முழிக்கிற கடை எது என்று அரை நிமிடத்தில் புரிந்துவிடும்.